நாலு நூல் ஆட்டம்

செப்டம்பர் 3, புதன்

படித்தது: மூன்று மணி நேரம். அரசியலமைப்பு.

பயிற்சி மையத்து சார் எல்லோரையும் ஒரு நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறார். தினமும் எத்தனை மணி நேரம் படித்தோம் என்று எழுத வேண்டும். குறைந்தால் காரணமும் எழுத வேண்டும். குரூப் நாலில் தேறியவர்கள் எல்லோரும் இப்படி எழுதியவர்கள்தானாம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அதனால் அரசாங்க வேலையையும் நான்தான் முதலில் வாங்க வேண்டும் என்று முறை வைத்திருக்கிறார்கள்.

இன்று ஐந்து மணி நேரம் படித்திருக்க வேண்டும். குறைந்ததற்குக் காரணம்: அப்பா வண்டியோடு விழுந்துவிட்டார்.

அப்பா மோட்டார் சைக்கிளில் துணி மூட்டை கட்டிக்கொண்டு துறையூரிலிருந்து பச்சமலைக்குப் போய் ஊர் ஊராக விற்கிறவர். நைட்டி, உள்பாவாடை, துண்டு, குழந்தைகளின் கவுன். இன்று மலையிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் முன்சக்கரம் ஆடி, அதனால் ஹேண்டில் ஆடி, அதனால் அப்பாவும் ஆடி, வண்டி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் மூட்டை ஒரு பக்கமுமாக விழுந்திருக்கிறார்கள். முழங்காலில் சிராய்ப்பு. மூட்டை அவிழ்ந்து நைட்டிகளெல்லாம் முள்செடிகள் மேல் போய் விரிந்துகொண்டன. அப்பா ஒவ்வொன்றாக எடுத்து மடித்துக்கொண்டிருந்தபோது மேலே போகிற பஸ் நின்றதாம். ஜன்னல் வழியாக இரண்டு பெண்கள் விலை கேட்டார்களாம்.

"சொன்னீங்களா?" என்று அம்மா கேட்டாள்.

"அதுக்குள்ள பஸ் கெளம்பிருச்சு."

"விழுந்த எடத்துல யாவாரம் தேடி வருது. அங்கயும் வாயத் தொறக்கல. உங்கள நம்பி மூட்டையக் கட்டி அனுப்புறேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

சொல்லிக்கொண்டே முழங்காலுக்கு மஞ்சள் பற்றுப் போட்டாள். நாலு தடவை ஊதினாள். சூடு பொறுக்கவில்லை போல.

செப்டம்பர் 4, வியாழன்

படித்தது: ஒன்றரை மணி நேரம்.

வண்டியைப் பஞ்சாட்சரம் அண்ணனின் ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போனோம். "நீயும் கூடப் போ, அவரு எதையும் கேக்கமாட்டாரு" என்று அம்மா என்னை அனுப்பினாள். நானும் எதையும் கேட்கமாட்டேன் என்பது அவளுக்குத் தோன்றவில்லை.

பஞ்சாட்சரம் அண்ணன் டாக்டர் மாதிரி. வண்டியை முதலில் தொடமாட்டார். தூரத்தில் நின்று பார்ப்பார். பிறகு முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ரிம்முக்குப் பக்கத்தில் ஸ்குரூ டிரைவரை நீட்டினார். ரிம் ஒரு சுற்றில் ஒரு தடவை அதைத் தொட்டுவிட்டுத் தள்ளிப் போனது.

"நாலு நூல் ஆட்டம் இருக்குண்ணே" என்றார்.

பட்டறைக் கணக்கில் எட்டு நூல் ஓர் அங்குலம். அரை அங்குலம் ஆடுகிற சக்கரத்தில்தான் அப்பா மலை இறங்கியிருக்கிறார்.

"ரிம்ம மாத்திரலாமா தம்பி?" என்று அப்பா தரையைப் பார்த்துக் கேட்டார்.

"இந்த மாடலுக்கு ரிம்மு வர்றதில்லண்ணே. கம்பெனிக்காரனே மறந்துட்டான். கோட்டம் எடுத்துத் தர்றேன், ஓட்டுங்க."

இந்த வருஷத்தில் இது மூன்றாவது கோட்டம். நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ரிம் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்து ஸ்போக் கம்பியை அவர் இறுக்கினார். பிறகு இந்தப் பக்கத்துக் கம்பியை இறுக்கினார். இறுக்கினாரே தவிர ஒரு கம்பியைக்கூடத் தளர்த்தவில்லை. பக்கவாட்டு ஆட்டம் குறைந்தது. ஆனால் எல்லாக் கம்பியும் இழுக்கிற இடத்தில் ரிம் உள்ளே போய், சக்கரம் மேலும் கீழும் குதிக்க ஆரம்பித்தது. அதை அவர் கவனிக்கவில்லை. ஸ்குரூ டிரைவர் பக்கவாட்டில்தான் இருந்தது.

"அண்ணே, ஒண்ண இறுக்குனா எதிர்க் கம்பியத் தளத்தணும்." இந்த வாக்கியத்தை அரை மணி நேரம் வாயிலேயே வைத்திருந்தேன். கடைசியில் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அண்ணே" என்றேன்.

அவர் நிமிர்ந்தார்.

"டீ ஆறுது" என்றேன்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மறுபடியும் ஆடுகிறது. மூன்று நாள்கூடத் தாங்கவில்லை.

அம்மா திருச்சி மாமாவுக்கு போன் போட்டாள். அம்மா போனில் பேசினால் திருச்சிக்கு போன் இல்லாமலே கேட்கும். மாமா ஒரு பெரிய ஜவுளிக்கடையில் சூப்பர்வைசர். அங்கே அப்பாவுக்கு ஒரு வேலை இருக்கிறதாம். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனம். கடை வாசலில் நின்றுகொண்டு, வருகிறவர்களையெல்லாம் கைகூப்பி, "வாங்க வாங்க, வணக்கம்" என்று சிரித்தபடி சொல்ல வேண்டும். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை. கதவு திறக்கும்போதெல்லாம் ஏசி காற்று முதுகில் படும் என்று மாமா இரண்டு தடவை சொன்னார்.

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். மலையில் விழுந்தபோதுகூட அப்படி இருந்திருக்காது.

"விஜயதசமி நல்ல நாளு. அன்னைக்குச் சேந்துருங்க. வண்டியக் காயலான் கடையில போட்டுறலாம்" என்றாள் அம்மா.

அப்பா பேசவில்லை. அப்பா பேசாமல் இருந்தால் மாட்டேன் என்று அர்த்தம். இருபத்தைந்து வருஷமாக அம்மா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் இன்று கொஞ்ச நேரம் கழித்து அவராகவே கேட்டார்:

"அதுக்குள்ள வண்டி சரியாயிட்டா?"

அம்மாவே எதிர்பார்க்கவில்லை. "சரியாயிட்டா போங்க, யாரு வேணாங்குறா? ஆனா உங்க வார்த்தைய நம்ப மாட்டேன். ஆடுனாலும் ஆடலம்பீங்க. விஜயதசமி அன்னைக்கி நானே பின்னாடி உக்காந்து மலைக்கு வருவேன். ஏறி எறங்கிப் பாத்துட்டு நான் சொல்லுவேன். ஒரு ஆட்டம் ஆடுச்சு, மறுநாளே வெள்ளச் சட்டதான்."

செப்டம்பர் 9, செவ்வாய்

படித்தது: இரண்டு மணி நேரம். திறனறிவு.

அப்பா கண்ணாடி முன்னால் நின்று கைகூப்பி, "வாங்க" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வரவில்லை. உதடு மட்டும். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டு, தலை சீவுகிற மாதிரி சீப்பை எடுத்துக்கொண்டார். அப்பாவுக்கு முன்னந்தலையில் முடி இல்லை.

செப்டம்பர் 10, புதன்

படித்தது: அரை மணி நேரம். காரணம் கீழே.

அப்பாவின் போனில் ஒரு வீடியோ பார்த்தேன். ஒரு வெளிநாட்டுக்காரர் சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றி, இரண்டு தூணுக்கு நடுவில் மாட்டி, சுற்றிவிட்டு, நிதானமாகக் கோட்டம் எடுக்கிறார். பக்கவாட்டுக்கு ஒரு முள், மேல்கீழுக்கு ஒரு முள். அவர் பேசியது எந்த மொழி என்று தெரியவில்லை. அவரும் அதிகம் பேசவில்லை. அதனால் நன்றாகப் புரிந்தது.

இரண்டு தூண், ஒரு அடிச்சட்டம், இரண்டு முள். அவ்வளவுதான். நான் படித்தது இயற்பியல். ஆய்வகத்தில் என் கை சுத்தம் என்று மேடம் சொல்வார்கள். வாய்மொழித் தேர்வில்தான், பெயர் என்ன என்று கேட்டதற்கே, "தெரியல சார்" என்று சொல்லிவிட்டேன். என் பெயர் கோகிலவாணி. வைத்தவர்களுக்கு முன்யோசனை இல்லை.

தூணுக்கு என்ன செய்வது என்று அறையைச் சுற்றிப் பார்த்தேன். என் புத்தக ரேக் நின்றுகொண்டிருந்தது. நான் கல்லூரியில் சேர்ந்தபோது அப்பா வாங்கித் தந்தது. நாலு கால், எல்லாம் ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள். போல்ட்டைக் கழற்றினால் தனித்தனியாக வந்துவிடும். வெல்டிங்கே வேண்டாம்.

இது விஜயதசமி வரைக்கும்தான். அதற்குப் பிறகு தினமும் ஆறு மணி நேரம் படித்து ஈடுகட்டிவிடலாம்.

செப்டம்பர் 12, வெள்ளி

ரேக்கைப் பிரித்துவிட்டேன். புத்தகங்கள் தரையில்.

"என்னடி இது, சரஸ்வதியத் தூக்கித் தரையில போட்டிருக்க? கால் படும்."

"ரேக்கு ஆடுதும்மா. சரி பண்றேன்."

"இந்த வீட்டுல எதுதான் ஆடல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஆங்கிளில் இருக்கிற ஓட்டை சின்னது. சக்கரத்தின் அச்சு பெரியது. ஓட்டையைப் பெரிதாக்க அரத்தை வைத்து ராவினேன். கேட்கிறவர்களுக்குப் பல் கூசும். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். நாலு மணிக்கு அப்பா வந்து பார்த்தார். என் கையிலிருந்து அரத்தை வாங்கி இரண்டாவது ஆங்கிளை ராவ ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு நாளில் நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில் இதுதான் அதிகம்.

செப்டம்பர் 13, சனி

ஸ்டாண்ட் நிற்கிறது. சுற்றினால் அடிச்சட்டம் நகர்ந்தது. ஒவ்வொரு பக்கமும் இரண்டிரண்டு பொது அறிவு கைடுகளை வைத்து அழுத்தினேன். அசையவில்லை. பொது அறிவு முதல் முறையாகப் பயன்பட்டிருக்கிறது.

அப்பா முன்சக்கரத்தைக் கழற்றி, டயரையும் எடுத்துவிட்டு, வெறும் ரிம்மை ஒரு நைட்டியில் சுற்றி உள்ளே கொண்டுவந்தார். யாரோ பிள்ளையைத் தூக்கி வருகிறார் என்று எதிர்வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆறு நூல்.

நாலு நூல் ஆடிய சக்கரம் இப்போது ஆறு நூல் ஆடுகிறது. காலையிலிருந்து மாலை வரை உழைத்து இதைச் சாதித்தேன்.

கம்பியின் முனையில் ஒரு சிறு நட்டு இருக்கிறது. அதைத் திருப்பித்தான் இறுக்குவதும் தளர்த்துவதும். டயர் இருக்கிற பக்கத்திலிருந்து பார்த்தால் வலப்பக்கம் திருப்பினால் இறுகும். நான் சக்கரத்தின் நடுவிலிருந்து பார்த்தேன். அங்கிருந்து எல்லாம் தலைகீழ். இறுக்க வேண்டியதையெல்லாம் தளர்த்தி, தளர்த்த வேண்டியதையெல்லாம் இறுக்கியிருக்கிறேன். முப்பத்தாறு கம்பிகளிலும் ஒழுங்காக, ஒன்று விடாமல்.

அப்பா வந்து சுற்றிப் பார்த்தார்.

"முன்னாடி நாலுதான?"

"ஆமாப்பா."

"ம்" என்றார். பிறகு, "டீ குடிக்கிறியா பாப்பா?" என்று கேட்டார்.

அழுகை வந்தது. டீ நன்றாக இருந்தது.

செப்டம்பர் 17, புதன்

படித்தது: இருபது நிமிடம்.

எல்லாக் கம்பியையும் ஒரே அளவுக்குத் தளர்த்திவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். முதலில் முள்ளுக்கு ஈர்க்குச்சி வைத்திருந்தேன். அது ரிம் தொட்டதும் வளைந்து கொடுத்துவிடுகிறது, யாருக்கும் பொல்லாப்பு வேண்டாம் என்பதுபோல. இப்போது துணி காயப்போடும் கிளிப்பில் பேனா ரீஃபிலைக் கவ்வ வைத்திருக்கிறேன். சக்கரத்தைச் சுற்றினால் எங்கே ரிம் வெளியே வருகிறதோ அங்கே மட்டும் நீலக் கோடு விழுகிறது. அந்த இடத்தில் ஒரு பக்கக் கம்பியைக் கால் சுற்று இறுக்கி, எதிர்ப்பக்கத்துக் கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்த வேண்டும். கோட்டைத் துடைத்துவிட்டு மறுபடியும் சுற்ற வேண்டும்.

மூன்று நூல்.

செப்டம்பர் 18, வியாழன்

இரண்டேகால். ரீஃபில் தீர்ந்துவிட்டது. பரீட்சைக்கு என்று வாங்கி வைத்திருந்த பேனாவைத் திறந்தேன்.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனி. அம்மா விடிவதற்குள் பெருமாள்மலைக்குப் போய்விட்டாள். படியேறி, கும்பலில் நின்று, இறங்கிவர மதியம் ஆகும். வீடு அமைதியாக இருந்தது. ரீஃபில் ரிம்மைத் தொடும் சத்தம்கூடக் கேட்டது. முதலில் சுற்றுக்கு நாலு இடத்தில் தொட்டது. பிறகு இரண்டு இடத்தில். பதினொன்றரை மணிக்கு, எங்கே தொடுகிறது என்று சொல்ல முடியாதபடி, சுற்று முழுக்க மெல்ல உரசிக்கொண்டே போனது. மேல்கீழ் முள்ளும் அப்படியே.

அரை நூல். அதற்கும் குறைவு.

அப்பாவைக் கூப்பிட்டேன். அவர் சுற்றிவிட்டு உட்கார்ந்தார். அது நிற்கும்வரை பார்த்தார். மறுபடியும் சுற்றிவிட்டார். இப்படி ஏழு தடவை.

செப்டம்பர் 23, செவ்வாய்

டயரையும் டியூபையும் மாட்டியாயிற்று. இனி எடை. சக்கரத்தில் ஏதாவது ஓரிடம் கனமாக இருந்தால் வேகத்தில் அதுவே உதறும். அப்பா பஞ்சாட்சரம் அண்ணனின் கடைக் குப்பை டப்பாவிலிருந்து நாலு பழைய பேரிங்குகளை எடுத்து வந்தார். "கேட்டீங்களாப்பா?" என்றேன். "அவன் அந்தப் பக்கம் திரும்பியிருந்தான்" என்றார்.

தூண் ஒவ்வொன்றின் மேலும் இரண்டு பேரிங். அவற்றின் இடுக்கில் அச்சு படுத்துக்கொள்ளும். லேசாகத் தட்டினால் சக்கரம் சுற்றி, கனமான இடத்தைக் கீழே கொண்டுவந்து நிற்கும். எதிரே மேலே இருக்கிற கம்பியில் ஈயக்கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றினேன். மாலைக்குள் எந்த இடத்தில் விட்டாலும் அந்த இடத்திலேயே நின்றது.

செப்டம்பர் 25, வியாழன்

நிற்கவில்லை.

காரணம் சந்தனம். அம்மா நவராத்திரிக்குத் தினமும் வீட்டிலுள்ள எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிறாள். ஃபிரிட்ஜ், மிக்ஸி, பீரோ, நான். ஸ்டாண்டில் இருக்கிற சக்கரத்துக்கு நேற்றுக் காலை உச்சியில் ஒரு பொட்டு. அம்மா வைக்கிற பொட்டு மூன்று விரல் கனம் இருக்கும். உச்சி கனமாகி, சக்கரம் சுற்றி, பொட்டு அடியில் போய் நின்றது. இன்று காலை அம்மா பார்த்திருக்கிறாள்.

"என்னடி, நெத்தி கீழ போயிருச்சு?"

நான் பதில் சொல்வதற்குள் புது உச்சியில் இன்னொன்று வைத்துவிட்டாள். அது பக்கவாட்டில் போய் நின்றது. துடைக்கப் போனால், "சக்கரத்தாழ்வார்டி அது, கைய எடு" என்கிறாள். அவள் கடைக்குப் போனபோது துடைத்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று அம்மா சந்தனத்தோடு நிற்கவில்லை. மஞ்சள் துணியில் காசு முடிந்து, ரிம்மை ஒட்டிய கம்பியில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தாள். சக்கரம் கடகடவென்று சுற்றி, முடிச்சு அடியில் வந்து ஊஞ்சல் மாதிரி ஆடி நின்றது.

"அம்மா, இத அவுக்கணும்."

"எத?"

"முடிச்ச."

"பெருமாளுக்கு வேண்டி முடிஞ்சு வச்சத அவுக்கச் சொல்ற. நீயெல்லாம் படிச்ச புள்ளயாடி?"

"அந்தப் பக்கம் மட்டும் கனமா இருக்கும்மா."

"பெருமாள் கனமாத்தான் இருப்பாரு."

ஈயக்கம்பி தீர்ந்துவிட்டது. யோசித்தேன். பிறகு இந்த வருஷத்தில் அம்மாவிடம் பேசியதிலேயே நீளமான வாக்கியத்தைப் பேசினேன்.

"அப்ப எதிர்ப்பக்கமும் ஒரு சாமிக்கு முடிஞ்சு வைம்மா, ஒரே சாமிக்கு வச்சா மத்தவங்க என்ன நெனப்பாங்க?"

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "வாஸ்தவந்தான். உங்கப்பா குலசாமிக்கு மூணு வருசமா பொங்க வைக்கல. அதான் தள்ளிவிட்டிருக்கு" என்றாள்.

இன்னொரு மஞ்சள் துணி வந்தது. குலதெய்வத்தின் மேல் இருந்த பயத்தில் அந்த முடிச்சில் அம்மா காசை அள்ளிப் போட்டுவிட்டாள். சக்கரம் அந்தப் பக்கம் சாய்ந்தது. காசை எடு என்றால் எடுக்கமாட்டாள். "போட்டத எடுத்தா கண்ணு போயிரும்." அதனால் பெருமாள் பக்கம் கூட்டினோம். இப்போது பெருமாள் கனம். குலசாமி பக்கம் ஒரு விரலி மஞ்சள் சேர்த்தோம். கொஞ்சம் அதிகம். பெருமாள் பக்கம் நாலு துளசி விதை. அம்மா மண்டியிட்டு உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, "விடு, இப்ப விடு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சக்கரம் எங்கே விட்டாலும் அசையாமல் நின்றது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முடிச்சுகள் நழுவாதபடி செம்புக்கம்பியால் இறுக்கிக் கட்டினேன்.

"என்னம்மா வேண்டிக்கிட்ட?" என்று கேட்டேன்.

"வண்டி ஆடாம ஓடணும்னு. வேற என்ன?"

"ஓடுனா அப்பா மலைக்குப் போயிருவாரே. நீதான திருச்சிக்கு..."

"அடுப்புல பால் இருக்கு" என்று எழுந்து போய்விட்டாள்.

அடுப்பில் பால் இல்லை. எதற்கு அப்படிச் சொன்னாள் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

படித்தது: இல்லை.

சக்கரத்தை வண்டியில் மாட்டியாயிற்று. அப்பா தெருமுனை வரை போய்த் திரும்பினார். "எப்படிப்பா இருக்கு?" என்றேன். "தெரு நேரா இருக்கு" என்றார். அதற்குமேல் மலையில்தான் தெரியும்.

திருச்சியிலிருந்து மாமா வெள்ளை வேட்டி சட்டையை பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருக்கிறார். கடையின் பெயர் சட்டைப் பையில் தைத்திருக்கிறது.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. அரம், ஸ்பேனர், ஸ்போக் சாவி எல்லாம் சாமி முன்னால் சந்தனத்தோடு படுத்திருக்கின்றன. இன்று எதையும் தொடக்கூடாது. வெள்ளைச் சட்டையையும் அம்மா தேய்த்து மடித்து அங்கேயே வைத்துக் குங்குமம் வைத்திருக்கிறாள். வாசலில் வண்டிக்கு வாழைக்கன்று கட்டியிருக்கிறது. நான் கேட்டுக்கொண்டதால் பொட்டெல்லாம் மட்கார்டில். நாளை மறுநாள் அப்பா வண்டியில் ஏறுவாரா, சட்டைக்குள் நுழைவாரா என்று சாமியாலும் சொல்ல முடியாது. இரண்டுக்கும் சமமாகக் கற்பூரம் காட்டினாள்.

பஞ்சாட்சரம் அண்ணன் பொரி கொண்டுவந்தார். வண்டியைத் தூரத்தில் நின்று பார்த்தார். கிட்டே வந்தார். முன்சக்கரத்தைத் தூக்கிச் சுற்றினார். ஸ்குரூ டிரைவர் இன்று அவர் கடையிலும் பூஜையில் இருக்கும். கட்டைவிரல் நகத்தை நீட்டினார். சக்கரம் சுற்றியது. நகம் அங்கேயே இருந்தது.

"யாரு எடுத்தா?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் பொரியைப் பார்த்தேன்.

"எங்க பாப்பாதான்" என்றார் அப்பா. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. வாசலில் இருந்த காக்கை பறந்துபோனது.

அண்ணன் உள்ளே வந்து ஸ்டாண்டைச் சுற்றி வந்தார். பேரிங்குகளைக் குனிந்து பார்த்தார். "எங்கயோ பாத்த பேரிங்கா இருக்கு" என்றார். பிறகு, "பரவால்ல. ஆனா இதெல்லாம் நேரமிருக்கறவங்க செய்யிறது. நம்மகிட்ட நாளைக்கி எட்டு வண்டி நிக்கிது."

அப்போது என் வாயிலிருந்து அது வந்துவிட்டது. நான் கூப்பிடவில்லை. தானாக வந்தது. "அண்ணே, நீங்க ஒண்ண இறுக்குறப்ப எதிர்க் கம்பியத் தளத்த மாட்டேங்கிறீங்க. அதான் திரும்பத் திரும்ப ஆடுது."

அண்ணன் ஒரு கை பொரியை வாயில் போட்டு மென்றார். மென்று முடிக்க வெகுநேரம் ஆனது.

"அது எனக்குத் தெரியாதா பாப்பா?" என்றார்.

இன்னொரு கை பொரி.

"எத்தன சுத்து தளத்துன?"

"இறுக்குன அளவுக்கே. கால் கால் சுத்தா."

"ம். ஒரு சக்கரம் கெடக்கு கடையில. நம்ம வேல மேல சந்தேகமில்ல. உன் ஸ்டாண்டு ஒழுங்கா காட்டுதான்னு பாக்கணும்ல. அனுப்பவா?"

"டயரக் கழட்டிட்டு அனுப்புங்கண்ணே" என்றேன்.

அக்டோபர் 2, வியாழன்

ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். அப்பா முன்னால், நடுவில் துணி மூட்டை, பின்னால் அம்மா. "சும்மா போவானேன், யாவாரத்தையும் பாத்துருவோம். உங்களுக்கு எப்படி விக்கணும்னு காட்டுறேன்" என்று அம்மாதான் மூட்டையைக் கட்டச் சொன்னாள். ஒரு கையால் அப்பாவின் சட்டையையும் இன்னொரு கையால் சீட்டுக் கம்பியையும் பிடித்திருந்தாள். விரல் வெளுத்திருந்தது.

எட்டு மணிக்கு மலையடிவாரத்தில் இருப்பார்கள். எட்டரைக்கு வளைவுகள். நான் ஸ்டாண்டைத் துடைத்தேன். சாதம் வைத்தேன். ஸ்டாண்டைத் துடைத்தேன். ஒவ்வொரு கம்பியாக மனதில் சுற்றிப் பார்த்தேன். பதினேழாவது கம்பியை இறுக்கினேனா என்று சந்தேகம் வந்து, அது பதினெட்டாவதுக்கும் பரவியது. பன்னிரண்டு மணிக்கு போன் செய்தேன். மேலே டவர் இல்லை. இரண்டு மணிக்கு மாமாதான் போன் செய்தார். "அப்பா நாளைக்கி வந்துருவாருல்ல?" என்றார். நான், "தெரியல மாமா" என்றேன். இந்தத் தடவை உண்மையிலேயே தெரியாது.

நாலரைக்கு வண்டிச் சத்தம் கேட்டது. நடுவில் மூட்டை இல்லை; முன்னால் டேங்க் மேல் ஒரு சாக்கு மரவள்ளிக்கிழங்கு. அம்மா இறங்கும்போதே பேசிக்கொண்டு இறங்கினாள்.

"ஏண்டி வாணி, அங்க இவருக்கு நாற்காலி எடுத்துப் போடுறாளுவடி! என்னக் கட்டாந்தரையில உக்கார வச்சிட்டு இவருக்கு நாற்காலி! ஒரு மாசமா ஏன் வரலன்னு சண்ட. தீவாளித் துணி எடுக்காம இவருக்குன்னு காத்துக் கெடக்குறாளுவ. நான் ஒவ்வொரு நைட்டியா விரிச்சு, இது இப்படி, அது அப்படின்னு எடுத்துச் சொல்றேன். ஒருத்தி சொல்றா, 'நீ கொஞ்சம் சும்மா இரு தாயி, நாங்க துணியப் பாக்கணும்'ங்கிறா. சும்மா இருந்தேன். மூட்ட காலி. கெழங்கு வேற சும்மா குடுக்குறாளுவ, வேணாம்னா கோச்சுக்குறாளுவ."

அப்பா கிழங்குச் சாக்கை இறக்கிக்கொண்டிருந்தார்.

அம்மா போனை எடுத்தாள். "டேய், அவருக்கு இங்க வேல தலைக்கு மேல கெடக்குடா. தீவாளி வரைக்கும் மூச்சுவிட நேரமில்ல. அதுக்கப்புறமும் இல்ல. நீ வேற ஆளப் பாரு. வாயுள்ள ஆளாப் பாரு. சட்டைய நாளைக்கு பஸ்ஸுல குடுத்தனுப்புறேன்." வைத்துவிட்டு கிழங்கு வேகவைக்கப் போனாள். அங்கிருந்தும் மலையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். காற்று, குளிர், பலாமரம், நாற்காலி.

சக்கரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. குறையிருந்தால் அம்மா சொல்லாமல் விடுகிற ஆள் இல்லை. ஆனாலும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். வாசலுக்குப் போனேன். அப்பா முன்சக்கரத்துப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து புழுதியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஆடுச்சாப்பா?"

அப்பா அடுப்படிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மாவின் குரல் அங்கேதான் கேட்டுக்கொண்டிருந்தது. தணிந்த குரலில் சொன்னார்:

"எறங்கயில உங்கம்மா என் முதுகுல சாஞ்சு தூங்கிட்டா பாப்பா. பாதி மலையிலேருந்து. வீட்டுக்கு முன்னாடி எழுப்புனேன். சொன்னேன்னு சொல்லிராத."